இறைவனின் இல்லத்துக்குக் காப்பீடு வேண்டுமா?



ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால் கடலோரப் பங்குகளில் பணியாற்றும் குருக்களுக்கு உறக்கம் பிடிப்பதில்லை. காற்றின் ஓசை சற்று மாறினாலும் எழுந்துசென்று ஆலயத்தின் கதவுகளைப் பார்க்கத் தோன்றும். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்குப் பின் அங்கிருந்த கோயிலில் எஞ்சியது இடிந்த சுவர்களே. இன்றும் அவை மணல்வெளியில் நிற்கின்றன. சுற்றுலா வருவோர் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ஒரு காலத்தில் அங்கே பீடம் இருந்தது, திருமுழுக்குத் தொட்டி இருந்தது, ஞாயிறுதோறும் கூடிய மக்கள் இருந்தனர் என்பதை எத்தனை பேர் நினைக்கின்றனரோ அறியேன்.

அதற்குப் பின்னரும் இயற்கை ஓய்ந்திருக்கவில்லை. 2004இல் ஆழிப்பேரலை, 2011இல் தானே புயல், 2015இல் சென்னைப் பெருவெள்ளம், 2017இல் ஒக்கி, 2018இல் கஜா, 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த பெருமழை, 2024இல் ஃபெஞ்சல் எனப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இவற்றில் வீடிழந்தோரும் உயிரிழந்தோரும் முதற்கண் நம் நினைவுக்கு உரியவர்கள். கட்டடத்தைப் பற்றிப் பேசுவது அதற்கு அடுத்ததே. ஆயினும் பேசவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கருதுவதால் இம்மாதம் இதை எடுத்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இப்பேச்சு எழுந்தபோது முதியவர் ஒருவர் மெல்ல எழுந்தார். “சாமி, ஆண்டவர் குடியிருக்கிற வீட்டுக்கு மனுசன் என்ன காவல் போடுறது? கோயிலுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கிறது நம்பிக்கைக் குறைவு இல்லையா? அந்தக் காசுல ஏழைப் பிள்ளைங்க ரெண்டு பேரைப் படிக்க வைக்கலாமே” என்றார். கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். நல்ல மனத்திலிருந்து வந்த கேள்வி. அன்று நேரமின்மையால் சுருக்கமாகவே விடை கூற முடிந்தது. அவருக்குக் கூற எண்ணியதை இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கையைப் பற்றிய பகுதியை முதலில் பார்ப்போம். நம் ஆண்டவரை எருசலேம் கோவிலின் உச்சியில் நிறுத்தி, வானதூதர் தாங்கிக்கொள்வர், கீழே குதியும் என்று சொன்னவன் அலகை. கடவுளைச் சோதிக்கலாகாது என்பதே ஆண்டவர் தந்த மறுமொழி. கடவுள் காப்பார் என்று கூறிக்கொண்டு செய்யவேண்டியதைச் செய்யாமல் இருப்பது நம்பிக்கையன்று. இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்றும், கட்டாமல் எவரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி அவன் வீட்டின்மேல் வரும் என்றும் கட்டளை உள்ளது. கைப்பிடிச் சுவர் கட்டியவன் நம்பிக்கை குன்றியவன் என்று எந்த இறைவாக்கினரும் சொல்லவில்லை.

அரசர்கள் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை வீட்டில் வாசித்துப் பாருங்கள். யோவாசு அரசர் கோவிலைப் பழுதுபார்க்கக் குருக்களிடம் பணப்பொறுப்பை ஒப்படைத்தார். அவரது ஆட்சியின் 23ஆம் ஆண்டு வரையிலும் குருக்கள் பழுது எதையும் பார்க்கவில்லை! பின்னர்தான் தலைமைக் குரு யோயாதா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டுப் பீடத்தருகே வைத்தார். அதில் சேர்ந்த பணம் எண்ணப்பட்டு, வேலையை மேற்பார்த்தவர்கள் வழியாகத் தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுக்கப்பட்டது. குருவாகிய எனக்கு அப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் சற்று நாணமாக இருக்கும். எனினும் அது திருநூலில் இடம்பெற்றிருப்பது நம் நன்மைக்கே.

திருச்சபையின் நெறி இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, சபையின் சொத்துகள் எவ்வகையிலும் அழிவோ சேதமோ அடையாதபடி அவற்றின் பொறுப்பாளர் விழிப்பாயிருக்க வேண்டும் என்று பணித்தது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பு ஒரு படி மேலே சென்றது. அதன் 1284ஆம் சட்டம், தேவைப்படும் அளவில் காப்பீட்டு ஒப்பந்தம் செய்துகொள்வதையும் பொறுப்பாளரின் கடமைகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதற்கு முந்தைய 1283ஆம் சட்டம், பொறுப்பேற்கும்போதே அசையும் பொருள், அசையாப் பொருள் அனைத்துக்கும் துல்லியமான பட்டியல் ஒன்று எழுதப்பட்டு, ஒருபடி பங்கிலும் மறுபடி ஆயர் இல்லத்திலும் இருக்கவேண்டும் என்கிறது. காப்பீடு கேட்டால் நிறுவனத்தார் முதலில் கேட்பதும் அந்தப் பட்டியலையே.

இனி ஏழைகளைப் பற்றிய கேள்வி. இதுவே என் மனத்தில் அதிகமாகத் தைத்தது. ஆலயம் இடிந்துபோனால் அதை மறுபடி கட்டுகிறவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2019 ஏப்ரல் 15 மாலையில் பாரிசு நகரின் நோத்ர்தாம் பேராலயம் தீப்பற்றியதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள் பலர் உண்டு. பல நூற்றாண்டு பழைமையான கருவாலி மரக்கூரை முழுவதும் எரிந்தது; நடுவிலிருந்த ஊசிக்கோபுரம் எரிந்து சரிந்தது. அப்போது அங்கே பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பேராலயத்துக்குக் காப்பீடு இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருந்தது. 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் பிரான்சின் பழைய பேராலயங்கள் அரசின் உடைமை; அரசு தன் கட்டடங்களுக்கு வெளியே காப்பீடு எடுப்பதில்லை, இழப்பைத் தானே ஏற்கிறது. அந்த அரசும் தாங்கியது, உலகமும் தாங்கியது. 80 கோடி யூரோவுக்கு மேல் நன்கொடை குவிந்தது. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

நம் கிளைக்கிராமத்து ஓட்டுக்கூரைச் சிற்றாலயம் எரிந்தால் எந்த நாட்டுத் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றுவார்? மீன்பாட்டில் ஒரு பங்கும், அறுவடையில் ஒரு மூட்டையும், தீப்பெட்டி ஒட்டிய கூலியில் ஒரு பகுதியும் கொடுத்து அதைக் கட்டியவர்கள்தாம் மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். அதுவும் புயல் அவர்கள் வீட்டையும் படகையும் சேர்த்து அழித்துவிட்ட நேரத்தில்! ஆண்டுக்கு ஒருமுறை எல்லாருமாகச் சிறு தொகை கட்டுவது, அந்நாளில் ஏழையின் தலையில் பெருஞ்சுமை விழாதபடி செய்யும் ஏற்பாடு. முதியவர் சொன்ன அந்த இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் ஆலயம் விழுந்த ஆண்டில் யாராலும் கட்ட இயலாது போகும்.

கஜா புயலின்போது டெல்டாப் பகுதியிலிருந்த நண்பர் ஒருவர் கூறியதை இங்கே சொல்லவேண்டும். ஊர்ப்பெயர் வேண்டா. அவருடைய பங்கு ஆலயத்துக்குப் பல ஆண்டுகளாகக் காப்பீடு இருந்தது. அவ்வாண்டு குருக்கள் மாற்றம் நடந்தது. பழைய பங்குத்தந்தையின் பெயருக்கு வந்த புதுப்பிப்புக் கடிதம் அவர் சென்ற ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, அங்கேயும் ஏதோ ஒரு மேசையில் தங்கிவிட்டது. அக்டோபர் இறுதியில் பாலிசி முடிந்தது. நவம்பர் 16 அதிகாலையில் காற்று கூரையை அப்படியே தூக்கித் தென்னந்தோப்பில் எறிந்தது. நிறுவனத்தில் அலுவலர் இரக்கத்துடன்தான் பேசினாராம். ஆனால் கையை விரித்துவிட்டார். அந்தப் பங்கு மக்களின் வருவாய் தென்னையை நம்பியது. தென்னைகளும் அதே இரவில் வீழ்ந்துகிடந்தன. மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூட அறையிலேயே திருப்பலி நடந்தது. முதல் நன்மை வாங்கிய பிள்ளைகள் கரும்பலகைக்கு எதிரே முழந்தாளிட்டார்களாம்.

இதில் ஒரு தவறான எண்ணம் பலரிடம் உண்டு. ஆயுள் காப்பீட்டில் தவணை தப்பினாலும் சில நாள் சலுகை உண்டு என்பதை அறிந்தவர்கள், சொத்துக் காப்பீட்டுக்கும் அப்படியே என்று எண்ணிக்கொள்கின்றனர். அப்படியன்று. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவின்படி, பிரீமியம் கையில் வந்துசேராமல் நிறுவனம் ஆபத்தின் பொறுப்பை ஏற்கலாகாது. தீக்காப்பீட்டுப் பாலிசி முடிந்த மறுகணமே கூரைக்குக் காவல் இல்லை. ஆகவே புதுப்பிக்கும் நாள் பங்குத்தந்தை ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கக்கூடாது. நிதிக்குழுவின் பதிவேட்டிலும் ஆயர் இல்லத்துக் கணக்கு அலுவலகத்திலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடிதம் “பங்குத்தந்தை” என்ற பதவிக்கு வரட்டும், ஆளின் பெயருக்கு வேண்டா.

தீக்காப்பீடு என்ற பெயரைக் கேட்டு அது நெருப்புக்கு மட்டும் என்று நினைத்துவிடலாகாது. பெயர் வந்த கதை பழையது. 1666இல் இலண்டன் மாநகரில் மூண்ட பெருந்தீயில் 87 பங்கு ஆலயங்களும் பழைய புனித பவுல் பேராலயமும் எரிந்தன. அதற்குப் பிறகே அந்நகரில் தீக்காப்பீட்டு நிறுவனங்கள் தோன்றின. இன்று நம் நாட்டில் வழங்கும் தீ மற்றும் சிறப்பு ஆபத்துகளுக்கான பாலிசியில் தீ, மின்னல், வெடிப்பு, புயல், வெள்ளம், நிலச்சரிவு, வாகனம் மோதுதல், கலவரம், தீய எண்ணத்துடன் செய்யப்படும் சேதம் முதலியன சாதாரணமாக அடங்கும். நிலநடுக்கத்தைச் சில பாலிசிகளில் தனியே கேட்டுச் சேர்க்கவேண்டும். பயங்கரவாதச் செயலுக்கும் பெரும்பாலும் தனிப் பிரீமியம் உண்டு. 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் நடந்ததையும், 2019 உயிர்ப்பு ஞாயிறன்று இலங்கையில் நடந்ததையும் அறிந்த நாம், இவ்விரு வரிகளையும் பார்க்காமல் கையெழுத்திடுவது சரியாகாது.

2021 ஏப்ரல் முதல் நாளிலிருந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த ஒரே மாதிரியான பாலிசிகள் நடைமுறைக்கு வந்தன. ஓரிடத்திலுள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு உட்பட்டதற்கு ஒன்று, 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை மற்றொன்று, வீடுகளுக்கு வேறொன்று. நம் ஆலயம், குருமனை, மண்டபம் ஒவ்வொன்றும் எதில் அடங்கும் என்பதை நிறுவனத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம். முகவர் வாய்மொழியாகச் சொன்னது இழப்பு நேர்ந்த நாளில் உதவாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எவ்வளவு தொகைக்குக் காப்பீடு என்பது. இங்கேதான் நம் பங்குகளில் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். ஏமாற்றுகிறவர் எவருமில்லை, நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். கணக்குப் புத்தகத்தில் 1962இல் ஆலயம் கட்ட 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் செலவானதாக இருக்கும். அதைப் பார்த்து, சற்று தாராளமாக, 20 லட்சத்துக்குக் காப்பீடு எடுப்போம். பிரீமியம் குறைவு என்று மகிழ்வோம். இன்று அதே கட்டடத்தை எழுப்ப 80 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புயலில் கூரையின் ஒரு பகுதி விழுந்து 8 லட்சம் சேதம். நம்மிடம் 20 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, 8 லட்சமும் கிடைக்கும் என்று எண்ணுவோம். கிடைப்பது 2 லட்சம்தான்! நாலில் ஒரு பங்கு மதிப்புக்கே பிரீமியம் கட்டினோம். ஆதலால் நாலில் ஒரு பங்கு இழப்பையே நிறுவனம் ஏற்கும். மீதி முக்கால் பங்குக்கு நாமே காப்பீட்டாளர் என்பது ஒப்பந்தத்தின் கருத்து. இதைச் சராசரி விதி என்பர். மேற்சொன்ன 5 கோடிக்கு உட்பட்ட வகையில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொருட்படுத்துவதில்லை என்ற சலுகை உண்டு. நாலில் மூன்று பங்கு குறைத்துவிட்டு அச்சலுகையைக் கேட்க இயலாது.

ஆகவே நிலத்தின் விலையை விட்டுவிட்டு, கட்டடத்தை இன்று எழுப்ப என்ன ஆகும் என்பதை மட்டும் கணக்கிட வேண்டும். நிலம் எரிவதுமில்லை, புயலில் பறப்பதுமில்லை. 4,000 சதுர அடி ஆலயம், சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று பொறியாளர் சொன்னால் ஒரு கோடி ஆயிற்று. ஆனால் பழைய ஆலயங்களுக்கு இந்தச் சாதாரணக் கணக்குப் போதாது. தேக்கு உத்திரமும், சுண்ணாம்புக் காரையும், வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் உள்ள கட்டடத்தை அதேபோல எழுப்பச் சதுர அடிக்கு ஆகும் செலவு வேறு. அந்த வேலை தெரிந்த கொத்தரும் தச்சரும் இன்று அரியர். பாலிசியில் “மறுநிர்மாண மதிப்பு” என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கட்டடத்தின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்தே பணம் தருவர். நூறாண்டு நின்ற ஆலயத்துக்குத் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

எதற்குப் பணம் கிடைக்காது என்பதையும் முன்னரே அறிந்திருப்பது நல்லது. கறையான் அரித்த உத்திரம் தானாக முறிந்தால், ஓடு நழுவி ஆண்டுக்கணக்கில் ஒழுகிய நீரால் சுவர் வீங்கினால், அது பராமரிப்புக் குறை, காப்பீட்டின் பொருளன்று. புயலில் கூரை பறந்தபின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, உத்திரம் முன்னரே உளுத்துப்போயிருந்தது என்று எழுதினால் நம் வழக்கு மெலிந்துவிடும். மின்கசிவில் எரிந்த மின்விசிறிக்குப் பணம் இல்லை. அந்த விசிறியிலிருந்து தீ பரவிக் கூரை எரிந்தால் கூரைக்கு உண்டு.

கடலோரப் பங்குகள் ஒரு வரியை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். மண் உள்வாங்குதலும் நிலச்சரிவும் பாலிசியில் அடங்கும் என்று பொதுவாக எழுதியிருக்கும். அடுத்த வரியிலேயே, கடல் அரிப்பாலும் ஆற்று அரிப்பாலும் நேர்வது நீங்கலாக என்று இருக்கும். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் கடல் ஆண்டுதோறும் ஊருக்குள் வருவதை அங்குள்ளோர் அறிவர். புயலன்று அலை புகுந்து சேதப்படுத்தினால் அது வெள்ளம் என்று வாதிடலாம். பல ஆண்டுகளாக அலை அடித்தளத்து மணலைத் தின்று ஒருநாள் குருசடி சாய்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. அங்கே தேவைப்படுவது தடுப்புச் சுவர். அதற்காக அரசிடம் விடாது மனுக்கொடுக்கும் ஊர்க்குழுவே அவ்விடத்துக்குக் காப்பீடு.

கட்டட வேலை நடக்கும் காலம் இன்னொரு ஆபத்துக் காலம். கூரை மாற்றும்போது பற்றவைப்புப் பொறி பறக்கும். பாதி திறந்த கூரைமேல் மழை பெய்யும். வழக்கமான பாலிசி, கட்டுமான மாற்றத்தால் விளையும் சேதத்தை விலக்கிவிடக்கூடும். ஒப்பந்தக்காரருக்கென்று தனிப் பாலிசி உண்டு. வேலையைக் கொடுக்குமுன் அவர் அதை எடுத்திருக்கிறாரா என்று கேட்டு, படி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் நம் பங்கைச் சேர்ந்தவர், நல்லவர், மாதா பக்தர் என்பதெல்லாம் அந்தப் படிக்கு ஈடாகா.

மாதாவின் நகைகளையும் உண்டியலையும் பற்றிப் பலர் கேட்கின்றனர். தீக்காப்பீட்டில் பணமும் நகையும் பழங்கலைப் பொருளும் தனியே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டாலன்றி அடங்குவது அரிது. திருட்டுக்கு வேறு பாலிசி. அதிலும் பூட்டை உடைத்தோ சுவரைத் துளைத்தோ நுழைந்ததற்கு அடையாளம் கேட்பர். சக்கிறீஸ்துவின் திறவுகோலை வாயில்மேட்டில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் உள்ள ஊர்களில், திருடன் கதவைத் திறந்து கதிர்ப்பாத்திரத்தை எடுத்துச்சென்றால் என்ன அடையாளத்தைக் காட்டுவது? திருநாள் அன்று மட்டும் சாத்தும் நகைகள் மற்ற நாள்களில் வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். பழைய மரச்சுரூபங்களையும் வெள்ளிப் பாத்திரங்களையும் படம் எடுத்து, அளவும் எடையும் எழுதி, அறிந்தவரைக்கொண்டு மதிப்பிட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் அழிந்தால் எந்த நிறுவனமும் அவற்றைத் திருப்பித் தராது. நூற்றைம்பது ஆண்டுகளின் பெயர்களுக்கு விலையேது? இப்போது ஒவ்வோர் ஏட்டையும் படமெடுத்து வைப்பது எளிது. பங்கின் இளைஞர்கள் இரண்டு ஞாயிறுகளில் முடித்துவிடுவர். ஒருபடி ஆயர் இல்லத்துக்குப் போகட்டும்.

திருவிழாக் காலத்தைப் பற்றியும் ஒருவார்த்தை. மின்விளக்குத் தோரணமும், பந்தலும், வாணவேடிக்கையும், உயர்ந்த தேரும் சேரும் நாள்கள் அவை. 2025 மார்ச் மாதம் குமரி மாவட்டம் இனயம்புத்தன்துறையில் திருவிழா ஏற்பாட்டின்போது இரும்பு ஏணி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு நால்வர் இறந்ததை நாம் மறக்கலாகாது. கட்டடக் காப்பீடு மனிதருக்கு நேரும் தீங்கை ஏற்பதில்லை. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு என்பதும், பணியாளர் இழப்பீட்டுப் பாலிசியும் உள்ளன. அவற்றையும் எடுக்கலாம், எடுக்க வேண்டும். ஆனால் மின்வாரியத்துக்கு முன்கூட்டி எழுதி, தேர் செல்லும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தச் செய்வதற்கு எந்தப் பாலிசியும் மாற்றாகாது. மணிக்கூண்டின் இடிதாங்கிக் கம்பி மண்ணுக்குள் சரியாக இறங்கியிருக்கிறதா, வெள்ளையடிக்க வந்தவர் அதை வெட்டிவிட்டாரா என்று பார்ப்பதும் இவ்வகையே.

இழப்பு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, தெரிவித்ததற்குச் சான்று வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, நம் மக்களின் ஒரு நல்ல குணமே இங்கே இடையூறாகிறது. ஆலயம் சிதைந்துகிடப்பதைக் காணப் பொறுக்காமல் விடியுமுன்னே ஊர் திரண்டு இடிபாட்டை அகற்றித் தரையைக் கழுவிவிடும். மதிப்பீட்டாளர் வரும்போது பார்ப்பதற்கு ஒன்றும் இராது. நற்கருணையையும் சுரூபங்களையும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள், மேலும் நனையாதபடி தார்ப்பாய் போடுங்கள், அது கடமையும்கூட. ஆனால் எல்லாப் பக்கத்திலிருந்தும் படமெடுக்கும் வரை உடைந்த ஓட்டையும் முறிந்த மரத்தையும் அப்புறப்படுத்த வேண்டா. தீயானால் தீயணைப்புத் துறையின் அறிக்கை, திருட்டோ கலவரமோ ஆனால் காவல்நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, புயலானால் வானிலை ஆய்வு மையத்தின் பதிவு ஆகியவை வேண்டும். இழப்பில் முதலில் ஒரு சிறு பகுதியை நாமே ஏற்கவேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். அதைக் கண்டு சினம் கொள்வதில் பயனில்லை.

என் சொந்தக் கருத்து ஒன்றைக் கூறிவிடுகிறேன். ஒவ்வொரு பங்கும் தனித்தனியே முகவரைத் தேடுவதைவிட, மறைமாவட்டம் முழுவதற்கும் ஒரே பாலிசி எடுத்து, ஆலயம், கிளைச் சிற்றாலயம், பள்ளி, குருமனை, மடம் ஒவ்வொன்றையும் அதன் இடமும் மதிப்பும் குறித்து இணைப்பில் எழுதுவதே சிறந்தது. சொத்து யார் பெயரில் பத்திரப் பதிவாகியுள்ளதோ அவர் பெயரிலேயே பாலிசியும் அமையும். பிற்காலத்தில் உரிமை யாருடையது என்ற வாதம் எழாது. குரு மாறினாலும் தேதி தப்பாது. பெரிய பங்குகள் தம் பிரீமியத்தோடு மலைக்கிராமத்துச் சிற்றாலயம் ஒன்றின் பிரீமியத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். நகரத்துப் பெரிய கோயிலுக்கு மாடியும் கான்கிரீட்டும் உண்டு. காற்றில் முதலில் பறப்பது கிளைக்கிராமத்தின் ஓடும் தகரமுமே. நம் பட்டியல்களிலிருந்து விடுபட்டுப்போவதும் அவைதாம்.

பேரவையில் பேசிய முதியவரை மறுவாரம் சந்தித்து இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி சாமி, அப்போ நம்ம கெபியும் கொடிமரமும் சுத்துச்சுவரும் அதுல சேருமா?” என்றார். மிகச் சரியான கேள்வி. “ஆலயக் கட்டடம்” என்று மட்டும் எழுதினால் அவை சேர்ந்ததாகக் கொள்ள இயலாது. சுற்றுச்சுவர், வாயில் வளைவு, கெபி, கொடிமரம், தேர்க்கொட்டகை, கல்லறைத்தோட்டத்துச் சிற்றாலயம், மேல்நிலை நீர்த்தொட்டி, ஒலிபெருக்கிக் கருவிகள், வாங்குகள் ஒவ்வொன்றுக்கும் தனி வரி, தனித் தொகை எழுத வேண்டும். அவர் மரவேலை செய்து ஓய்வு பெற்றவர். வரும் சனிக்கிழமை அளவுநாடாவுடன் வந்து உத்திரங்களின் நீள அகலங்களைக் குறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.